லாரி டிரைவர் உக்காந்த ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சு

ஒண்ணாங்கிளாஸ் கடைசி பெஞ்சுக்கு ஒரு காலு லொடலொடன்னு ஆடும். இன்னிக்குப் பெற்றோர் கூட்டம். பிள்ளைங்க இடத்துல அப்பா அம்மா உக்காரணும்.

"ஒடஞ்சேன்னா நேரா சத்துணவு அடுப்புதான் மாப்ள, சோறாவது நல்லா வேகும்"னுச்சு கரும்பலகை.

"நீ பேசாம செவுத்துல தொங்கு"ன்னுச்சு பெஞ்சு.

அதுக்குள்ள லாரி டிரைவர் பேச்சிமுத்து வந்து தொம்முனு உக்காந்தாரு. முட்டி ரெண்டும் தாடைய இடிக்குது. பெஞ்சு மூச்சப் புடிச்சுக்கிச்சு.

டீச்சர் உள்ள வந்தாங்க. அத்தன பெருசுங்களும் சடார்னு எந்திரிச்சு, "வணக்க்கம் டீச்ச்சர்"னு ஒரே ராகத்துல இழுத்துச்சுங்க. யாருமே சொல்லித் தரல.

எல்லாரும் உக்காந்ததும், "செண்பகவல்லி அப்பா யாருங்க?"ன்னாங்க டீச்சர்.

பேச்சிமுத்து கையக் கட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. மலைப்பாதையில ஒத்தக் கையால லாரியத் திருப்புற மனுஷன், பெஞ்சுல முட்டிக்கிட்டு நிக்குற கால் வெடவெடங்குது. பெஞ்சுக்குத் தன் பயமே மறந்துபோச்சு.

"உங்க பொண்ணு இப்ப அவ பேர அவளே எழுதுறா."

அவரு மெல்ல உக்காந்தாரு.

"தாங்குறியா மாப்ள?"ன்னு கரும்பலகை ரகசியமாக் கேட்டுச்சு.

"உக்காந்துட்டாரா? எனக்குக் கனமே தெரியலியே"ன்னுச்சு பெஞ்சு.