இரண்டு நிமிடம் அவனைப் பற்றி

“என் பாஸ்போர்ட்டப் பாத்தியளா?”

ஜெஸ்பின் பீரோவை மூன்றாவது தடவையாகக் குடைந்துகொண்டிருந்தாள். எபிசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாஸ்போர்ட் அவனுடைய தலையணை உறைக்குள் இருந்தது.

“நேத்து பைக்குள்ளதானே வச்சேன்? அது இல்லேன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாவ. ஆதார் கார்டெல்லாம் ஒத்துக்கிட மாட்டாவ.”

பத்து மணிக்குத் திருவனந்தபுரத்தில் ஆங்கிலத் தேர்வு. நாகர்கோவிலில் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் இப்போதே மயிலாடியிலிருந்து கிளம்பியாக வேண்டும்.

ஜெஸ்பின் நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்காகக் காத்திருந்தது. ஆனால் இந்த மாதத்துக்கு மேல் காத்திருக்காது. போன தடவை கேட்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றிலும் தேறியவள், பேச்சில் விழுந்தாள். தலைப்பு எழுதிய ஒரு கார்டைக் கொடுப்பார்களாம். யோசிக்க ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். அவள் இருபது நொடியில் நின்றுவிட்டாள். எதிரே இருந்த வெள்ளைக்காரி கடிகாரத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாளாம்.

அன்று அழுதுகொண்டே வந்து சொன்னாள். “சரி, அடுத்த தடவை பாப்போம்” என்றுவிட்டு எபிசன் கல் பட்டறைக்குப் போய்விட்டான்.

இந்தத் தடவை நாகர்கோவிலில் ஜாஸ்பர் சாரிடம் கோச்சிங் சேர்ந்தாள். தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று, போனில் இரண்டு நிமிட டைமர் வைத்துக்கொண்டு பேசிப் பார்ப்பாள். முகமெல்லாம் கல்தூசியாக எபிசன் படியேறி வரும்போது பாதிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இவனைக் கண்டதும் நிறுத்திவிடுவாள்.

அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம், கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் மஸ்கட்டில் இருந்தபோது கற்ற அளவுதான். அவள் பேசுவது புரிய அந்த அளவே போதுமாக இருந்தது.

பேச்சு முழுக்க ஒருவன் வந்தான். அவளுக்குத் தலை வலித்தால் அவன் பாலில்லாத கட்டன்சாயா போட்டுத் தருகிறான். மழை வந்தால் குடையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான். போன மாதம் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் போய்ப் பார்த்தான். எபிசன் போனது ஒரே நாள், அதுவும் பார்வை நேரம் முடிந்த பிறகு. எல்லாவற்றுக்கும் மேல், ‘இன்னைக்கு எப்படி இருந்துது?’ என்று அவன் கேட்கிறான். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கிறான்.

அவனைப் பற்றிச் சொல்லும்போது ஜெஸ்பினுக்கு வேறு ஒரு குரல் வந்தது, கதவைத் திறந்து விட்டதும் உள்ளே வருகிற காற்று மாதிரி. ஆறு வருஷத்தில் எபிசன் அந்தக் குரலைக் கேட்டதில்லை. பட்டறையில் கல்லைக் கொத்த வேண்டிய சுத்தியல் இரண்டு தடவை விரலைக் கொத்தியது. முகமில்லாத அந்த ஆளுக்கு ஒரு முகம் தேடினான். போன வாரம் கொட்டுகிற மழையில் அவள் நனையாமல் வந்தபோது அது கிடைத்தது.

“ஜாஸ்பர் சார் குடை தந்தாரு” என்றாள் சாதாரணமாக.

நேற்றிரவு பாஸ்போர்ட்டை எடுத்தான்.

“நேரமாவுதுல்லா! நீங்க எங்கயாவது எடுத்து வச்சியளா?”

“யாருட்டி அவன்?”

“எவன்?”

“கட்டன்சாயா போட்டுத் தாறவன். குடை பிடிக்கவன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சியா? ஜாஸ்பர் சார்தானே?”

ஜெஸ்பின் அவனையே பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அவரு ரிட்டயர்டாயி ஏழு வருசம் ஆச்சு. நான் மட்டுமில்ல, எங்க கிளாஸ்ல குடை எடுக்காத எல்லாரும் அவரு தாற குடையிலதானாக்கும் வீட்டுக்குப் போறோம்.”

“பின்ன யாரு?”

“வீட்டுல உங்கமேல ரொம்ப அக்கறையா இருக்க ஒராளப் பத்திப் பேசுங்கன்னு ஒரு கார்டு உண்டும். ‘மை ஹஸ்பண்ட்’னுதான் தொடங்குவேன். நீங்க என்னைக்கு முதல்லேருந்து கேட்டிய?”

எபிசனுக்குக் காது சூடானது. இத்தனை நாள் அவன் கருவிக்கொண்டிருந்தது தன்னையேதான். தலையணை உறைக்குள் கையை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து, லுங்கியில் ஒருமுறை துடைத்து நீட்டினான். ஜெஸ்பின் அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். தலையணையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவன் உற்சாகமாகச் சட்டையை மாட்டினான். பைக் சாவியை எடுத்தான். வாசல் வரை போனவனுக்கு ஏதோ இடித்தது.

“ஏட்டி, ஆனா நான் இதொண்ணும் செஞ்சதில்லியே?”

“அதை யாரும் பாக்க மாட்டாவளாம். உண்மையோ பொய்யோ, நிறுத்தாம பேசினா மார்க்கு உண்டுன்னு சார் சொன்னாரு.”

ஜெஸ்பின் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“போன தடவையும் எனக்கு வந்தது இந்தக் கார்டுதான். அன்னைக்கு உள்ளதைச் சொன்னேன். இருபது செகண்டுல முடிஞ்சிட்டு.”