சுண்டுவிரல் மை

சூம்பிய காலின் முழங்காலில் ஒரு கையை ஊன்றி ஊன்றி, மறுகையில் குழந்தையோடு பூங்கோதை சொட்டு மருந்து முகாமுக்கு வந்து சேர்ந்தாள். நர்ஸ் இரண்டு சொட்டு விட்டு, குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தாள்.

"மை எதுக்குங்க சிஸ்டர்?"

"ஒரு குழந்தைகூட விட்டுப்போயிடக் கூடாதுல்ல? இளம்பிள்ளைவாதமே இருக்கக் கூடாதுன்னு எல்லா நாடும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்கும்மா."

"சண்டை போட்டுக்கிற நாடுங்களுமா?"

"சொட்டு மருந்துக்காகச் சண்டையையே நிறுத்தி வெச்ச இடமெல்லாம் இருக்கு."

வீட்டுக்கு வந்து, நீட்டிய கால்களின்மேல் குழந்தையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றினாள். மை வைத்த விரலை மட்டும் நனையவிடாமல் இடது கைக்குள் பொத்திக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த கணவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மருந்துதான் உள்ள போயிடுச்சே. மை அழிஞ்சா என்ன புள்ள?"

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுங்க. யார் யாரோ, எந்தெந்த ஊர்க்காரங்களோ சேர்ந்து நம்ம புள்ளைக்கு வெச்ச திருஷ்டிப் பொட்டு."

வெந்நீர் பட்ட குழந்தை வீறிட்டு, இரண்டு கால்களாலும் அவள் வயிற்றில் ஓங்கி உதைத்தது.

"உதைடி கண்ணு," என்றாள் பூங்கோதை. "இன்னும் நல்லா உதை."