நீட்டிய கை

மாடு திருடிய லைலுக்கு ஐந்து வருடம் சிறை என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, நீதிபதி ஆர்கட் கால் கடுக்க மேடையிலிருந்து இறங்குகிறார். மேற்கு ஜன்னல் வெயிலில் சோளத் தூசி மிதக்கிறது. வக்கீலாக இருந்தபோது இதே லைலை ஒருமுறை வாதாடி விடுவித்தவர் அவர். பிறகு சட்டமன்றத்துக்குப் போய் இந்த ஐந்து வருடச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. கதவருகே லைல் நிற்கிறான். நீதிபதியையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கும் ஊர் அது; தேர்தல்தோறும் சந்தையிலும் தேவாலய வாசலிலும் ஓட்டுக் கேட்டு நீண்டு பழகிய அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே நீள்கிறது. விலங்கு கிணுகிணுக்க லைல் இரண்டு கைகளாலும் அதைப் பற்றுகிறான்.

"நவம்பர்ல மறுபடி நிக்கிறீங்களா, ஜட்ஜய்யா?"

"நிக்கணும், லைல்."

"எனக்குத்தான் இனிமே ஓட்டு கெடையாதே. வெளிய பெஞ்சுல எங்கம்மா உக்காந்திருக்கு, அதுக்குப் போய்க் கை குடுங்க."