ஒரே ஒரு பூமாரி

தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த ஹெட் ஆபீஸ் துரை, வேலைக்கு வந்தவர் பேரெழுதும் மஸ்டர், ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, ரேஷன் ஏடுகளை ஒன்றாக்கி, ஒரு பேருக்கு ஓர் அட்டை என்று போட்டார். பிறகு, கொளுந்து பறிக்கும் பூமாரியை வரச் சொன்னார்.

“ஒரே நாள்ல மலையில கொளுந்து பறிச்சிருக்க, ஃபேக்டரியில தூள் சலிச்சிருக்க, ஆஸ்பத்திரியில பிள்ளையும் பெத்திருக்க. புருஷன் வேற மூணு. வெட்கமா இல்ல? இனிமே உனக்கு ஒரு ஆள் அரிசிதான்.”

“துரை, அது வந்து…”

“வாயை மூடு. இத்தனை ஏடும் சேர்ந்து பொய் சொல்லுமா?”

மறுநாள் ஃபேக்டரியில் தூள் சலிக்க ஆளில்லை. துரை கொளுந்துக் காட்டுக்கே வந்துவிட்டார்.

“சலிக்கிற பூமாரி எங்க?”

“நான்தான் துரை. எங்க லயத்து வீடுகள்ல தலைப்பொண்ணுக்கு அம்மன் பேருதான் வைப்போம். நேத்து வரைக்கும் மூணு பூமாரி இருந்தோம். நீங்க ஒரு ஆள் அரிசி போட்டீங்க. ஒரு ஆள் வந்திருக்கேன்.”