பின்சீட்டு வாக்குமூலம்

"மாமு! டேய் ஜெரி! தூங்கறியா இன்னா?"

சுடலைராஜ் பின்சீட்டிலிருந்து ஹெல்மெட்டில் ஓங்கித் தட்டினான். சரிந்துகொண்டிருந்த ஜெரியின் தலை நிமிர்ந்தது.

"தூங்கலடா. கண்ணுதான் தானா மூடிக்கினு போவுது."

திரும்பும் வழியில் நெல்லூர் தாண்டியதிலிருந்து விடாத மழை. புயல் வேறு கரையை நெருங்குகிறதாம். ராயபுரத்திலிருந்து விசாகப்பட்டினம் போய் ஒரே நாளில் திரும்பினால் பைக் கிளப்பில் மெடல். ஓட்டுகிற ஆள் மாறக் கூடாது என்பது விதி. நின்று தூங்கினால் மெடல் அம்பேல், ஓட்டிக்கொண்டே தூங்கினால் ஆளே அம்பேல்.

கிளப்பில் அத்தனை பேர் இருக்க, "நீதான்டா வரணும்" என்று ஜெரி கல்மண்டபத்து மளிகை மண்டிக்கே வந்து இவனை இழுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். பள்ளிக்கூடத்து சிநேகிதம், மறுக்க முடியவில்லை. பருப்பு மூட்டைக்கு நடுவே நிம்மதியாக இருந்த மனுஷனுக்கு இது தேவையா?

"ஒரு டீ அடிச்சிட்டுப் போலாம் மாமு."

"நிறுத்தினா அப்டியே படுத்துருவேன். நீ எதுனா பேசு. சப்பைப் பேச்சு வேணாம், இன்னும் தூக்கம் வரும். சுர்ருனு ஏர்ற மாதிரி எதுனா சொல்லு."

சுடலை யோசிப்பதற்குள் தலை மறுபடி சரிந்தது. பதறிப்போய் வாயில் வந்ததைக் கத்தினான்.

"வியாசர்பாடி ஃபுட்பால் ஃபைனல்ல உன் பூட்ஸு ஒண்ணு காணாப் போச்சே, அத ஒளிச்சி வெச்சது நான்தான்!"

தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. "அடப்பாவி! வெறுங்கால்ல ஆடுனேன்டா! இன்னாத்துக்குடா?"

"என்ன டீம்ல சேக்கல, அந்தக் காண்டு."

கும்மிடிப்பூண்டி வரை ஜெரி திட்டிக்கொண்டே ஓட்டினான். கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்ததும் தலை திரும்பவும் ஆடியது. நல்ல வேளையாக, எதிரே லாரி வரும்போது மட்டும் எப்படியோ விழித்துக்கொண்டான். எல்லாம் அவன் கும்பிடும் மாதா புண்ணியம் என்று சுடலை நினைத்துக்கொண்டான்.

"உங்க நைனா ஸ்கூட்டர இட்ச்சதும் நான்தான். நீ பெல்ட்டால வாங்கினப்போ பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தேன்."

அது மீஞ்சூர் வரை தாங்கியது.

"அப்புறம் உன் கர்ணம் அடிக்கற புறா. பூனை தூக்கினு போச்சின்னு சொன்னேன்ல? பூனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கூண்ட ஒழுங்கா மூடாம வுட்டது நான்."

"டேய்! அந்தப் பூனைய சாக்குல கட்டி மாதவரம் வரிக்கும் கொண்டுபோய் வுட்டேனேடா! பாவம்டா அது!"

எண்ணூர் வந்தது. ஒரு பக்கம் கடல் பொங்கி ரோட்டில் தெறித்தது. மறு பக்கம் மழைக்காக ஓரங்கட்டிய கண்டெய்னர் லாரிகள். நடுவில் காலியாக நீண்ட ரோடு. ஜெரியின் தலை இப்போது மார்பிலேயே தொங்கியது. சுடலை உலுக்கினான், கிள்ளினான். ஊஹும். சொல்வதற்கோ குற்றம் தீர்ந்துபோயிருந்தது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்ல இரண்டு வருஷமாகத் தைரியம் வரவில்லை. வேறு மதம், அதுக்கும் மேலே சிநேகிதன் வீட்டுப் பெண். ஆனால் உயிர் போகிற நேரத்தில் பயம் பார்த்தால் ஆகுமா?

"மாமு! உன் தங்கச்சி சாண்ட்ராவ லவ் பண்றேன்டா!"

பைக் நின்றது. ஜெரி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை.

"இன்னா சொன்ன?"

சுடலை இளித்தான். "சும்மா மாமு... உன்ன எழுப்பறதுக்கோசரம் வுட்ட டூப்பு."

"பூட்ஸும் டூப்பா? புறாவும்?"

"அதெல்லாம் நெசம்."

"அப்ப சாண்ட்ரா மட்டும் டூப்பு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் போன மாதம் சாண்ட்ரா சொன்னது காதில் அறைந்தது. 'எங்கண்ணன் மூஞ்சப் பாத்து வாயத் தொறக்க தில்லு இல்லாதவன் எனக்கு வேணாம்.' அவள் இல்லாமல் இவனால் முடியாது.

"இல்ல மாமு. அதுவும் நெசம். நீ அடிச்சாலும் அதான். அவளத் தவிர யாரும் வேணாம் எனக்கு."

ஜெரி ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டான். பிறகு ஒரே வார்த்தை சொன்னான்.

"ஏறு."

திருவொற்றியூர் போனது, காசிமேடு போனது. ஜெரியின் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. நம் தலையைக் கழற்றத்தான் வீட்டுக்கு அழைத்துப் போகிறான் என்று சுடலை முடிவே கட்டிவிட்டான்.

கல்மண்டபத்தில் ஜெரி வீட்டு வாசலிலேயே சாண்ட்ரா துண்டோடு நின்றிருந்தாள். மெடல் நேரத்துக்குள் வந்தாயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. சுடலை இறங்கி, தலையைக் குனிந்துகொண்டான்.

சாண்ட்ரா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக அண்ணனைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, வாயத் தொறந்தானா?"

"தொறந்தான், தொறந்தான்" என்று ஜெரி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டான். "நெல்லூர்லேர்ந்து தூங்கறாப்ல நடிச்சி நடிச்சி கழுத்தே சுளுக்கிக்கிச்சி. நீ கேக்கச் சொன்னது ஒண்ணும்மா, உன் ஆளு கக்குனது நாலு!"