கதவில் பதித்த எண்

கோவையில் இப்போதெல்லாம் தாலி கட்டியதும் மாப்பிள்ளையின் எண்ணையும் பெண்ணின் எண்ணையும் பெருக்கி, வரும் பெரிய எண்ணை வீட்டுக் கதவில் பதித்துவிடுகிறார்கள். பிறக்கும்போதே ஆளுக்கொரு பகா எண் கிடைத்துவிடுவதால், கதவின் எண் அந்த இருவரின் எண்களால் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும். அவர்கள் கை பட்டால் மட்டுமே கதவும் திறக்கும்.

சனிக்கிழமை மதியம் மகிழ்நிலா பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கல்யாணப் பத்திரிகையோடு திகைத்து நின்றாள்.

"தட்டலாம்னுதானுங்க கைய வெச்சேன். தானா தொறந்துக்கிச்சு."

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த செந்தூரன் வெளிறிப்போனான். "சுகந்தி..."

மகிழ்நிலா அவளிடம் எண்ணைக் கேட்டு வாங்கினாள். கணவன் தன்னுடையது என்று கொடுத்திருந்த எண்ணை அதனால் வகுத்துப் பார்த்தாள். மீதி வரவில்லை.

"காலேஜ்ல நானும் சுகந்தியும் எங்க எண்ணப் பெருக்கி வெச்சோம் அம்மணி. பிரிக்க மனசு வரல. நம்ம கல்யாணத்துலயும் அதையே குடுத்துட்டேன்."

மாப்பிள்ளையின் எண்ணைச் சோதிப்பது மரியாதையில்லை என்று அப்பா தடுத்திருந்தார். எவ்வளவு நீளமான எண் என்று சொந்தமெல்லாம் மெச்சியது. அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றி, கணவனின் ஆயுசுக்காக அந்த எண்ணைத்தான் அவள் மனப்பாடமாகச் சொல்லி வேண்டிவந்தாள்.

பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"உள்ள வாங்க அக்கா. இத்தன நாளும் உங்க ஆயுசுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிட்டிருந்திருக்கேன்."