நாலு மணிப் பூட்டு

"அத்தை, மெதுவா! விழுந்து பல்லை உடைச்சுக்காதீங்க!"

"பல்லு போனா கட்டிக்கலாம்டி. நாலு மணி போனா வருமா?"

தையல்கடை அம்மாள் மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகப் படிகளில் ஏறினாள். அவள் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. யாருடைய சட்டையையோ பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். மருமகளின் தோளில் புத்தகப் பை. கண்கள் சிவந்திருந்தன.

சன்னலுக்குப் பின்னால் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். மணி நாலடித்தால் அடுத்த நொடி ஷட்டரை இறக்கிவிடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு.

"சார், படிப்புல இருந்து விலகணும். இப்பவே! கட்டின பணம் முழுசா திரும்ப வேணும்."

"கடைசி நாள், கடைசி நேரம். இவ்வளவு நாள் தூங்கினீங்களா?"

"ஒரு வாரமா வகுப்புக்குப் போறதில்ல சார். நின்னுட்டாலே விலகின மாதிரிதானேன்னு இருந்துட்டோம். இன்னிக்கு மத்தியானம்தான் விஷயம் தெரிஞ்சுது."

"நல்ல கதையா இருக்கே! போகாம இருந்தா அது மட்டம் போடுறது. இங்க வந்து சொன்னாத்தான் விலகல். சொல்லாம விட்டா பரீட்சையில பூஜ்யம், பணத்துக்குப் பட்டை நாமம்." பூட்டு ஒப்பிப்பதுபோல் தொடர்ந்தார். "இன்னிக்கு நாலு மணிக்குள்ள விலகினா முழுப் பணமும் கட்டினவங்க கணக்குக்குப் போகும். நாளையிலிருந்து பாதி. நாலு அடிச்சதும் கணினியே கதவைச் சாத்திக்கும். நான் நினைச்சாலும் திறக்க முடியாது."

"அதான் பறந்து வந்தேன். பாதி வந்தா எனக்கு ஒண்ணுக்கும் ஆகாது. அந்தப் பணத்துக்கு வேற வேலை வெச்சிருக்கேன்."

பூட்டின் பார்வை புத்தகப் பையிலிருந்து அதைச் சுமந்தவளின் முகத்துக்குப் போனது.

"உனக்கு இதுல சம்மதமாம்மா?"

"இல்லவே இல்ல சார்!" மருமகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எவ்வளவு ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பு! வேண்டாம் வேண்டாம்னு கால்ல விழாத குறையா சொல்லிட்டேன். கேக்கவே மாட்டேங்கிறாங்க."

"சும்மா இருடி. ஒரு வீட்டுல ஒருத்தர் படிச்சாப் போதும்" என்றாள் அம்மாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன.

இப்படி அழுத கண்ணோடு நின்ற பெண்களைப் பூட்டு நிறையப் பார்த்திருந்தார். ஒவ்வொருத்தியிடமும் விதிப்படி விரல் ரேகை வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகங்கள் அவரோடு சாப்பிட உட்காரும். இன்றைக்கு ஒருத்தியாவது தப்பட்டும். பாதிப் பணம்தான் என்று ஆகிவிட்டால் இந்த அம்மாளுக்குக் கை வராது, பெண் படித்துவிடுவாள்.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியைத் துடைத்தார். கால்களை நீட்டி மடக்கினார்.

"சார், கொஞ்சம் சீக்கிரம்! முள்ளு ஓடுது!"

"ஓடட்டும், அதுக்கு அதுதானே வேலை. மாணவர் இந்த ரேகை இயந்திரத்துல விரலை வெச்சாத்தான் விவரமே திறக்கும்." சன்னலில் இருந்த சிறிய பெட்டியைத் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "அடடா, இயந்திரம் செத்துப்போச்சே! நாளைக்கு வாங்க."

"நாளைக்கா!" அம்மாளின் குரல் கூரையைத் தொட்டது. "இவ்வளவு நேரம் விளக்கு எரிஞ்சுதே சார்!"

"எரிஞ்ச விளக்கு அணையாதா?"

"அத்தை, விடுங்க. கடவுளே வேண்டாங்கிறார். வீட்டுக்குப் போலாம்." மருமகளின் குரலில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பூட்டு அதைக் கவனித்தார். மனசுக்குள் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

அம்மாள் விடவில்லை. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்து இயந்திரத்தின் மேல் வைத்து அழுத்தினாள். எடுத்து ஊதினாள். மறுபடி அழுத்தினாள்.

"எரிஞ்சு தொலை! ஒரே ஒரு தடவை எரி!"

"ஏம்மா, உங்க விரலை வெச்சு என்ன பிரயோஜனம்? மாணவர் விரல் வேணும்."

"நான்தானே சார் அந்த மாணவர்!"

பூட்டின் கையிலிருந்த கண்ணாடி மேசையில் விழுந்தது.

"ரெண்டு பேரும்தான் சார் விண்ணப்பிச்சோம். எனக்கு இடம் கிடைச்சுது, இவளுக்குக் கிடைக்கல. காத்திருக்கிறவங்கள்ல முதல் ஆள் இவதான். நான் படிச்சா அது ஆசை. இவ படிச்சா ஒரு வேலை கிடைக்கும். என் இடம் இன்னிக்குக் காலியானாத்தான் இவளுக்கு வரும், நாளைக்கு ஆனா யாருக்கும் கிடையாதாமே! என் பணம் முழுசா திரும்பினாத்தான் இவளுக்குக் கட்டவும் முடியும். இந்தப் பாவி இயந்திரம் பாருங்க, இப்போ பார்த்து…"

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொடப்போனது. பூட்டு மேசைக்கு அடியில் பாய்ந்தார். சற்றுமுன் தன் காலாலேயே உதைத்துப் பிடுங்கிய ஒயரைத் தவித்துத் தேடிச் செருகியபடி, அங்கிருந்தே அலறினார்:

"அம்மா, விரலை மட்டும் எடுத்துடாதீங்க!"

மேலே பச்சை விளக்கு எரிந்தது.